யாருடைய ஆட்டம்?

என் அக்கா மகனுக்கு அப்போது நாலரை வயது. கோட்டுச்சேரி வீட்டுக் கூடத்தில் சம்பட மூடி ஒன்றைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்டிவிடுவான். அது சுழன்று, தள்ளாடி, தரையோடு தாழ்ந்து, கடைசியில் படபடவென்று நடுங்கி அடங்கும். அடங்கும்வரை கன்னத்தைத் தரையில் ஒட்டவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான். அடங்கியதும் மறுபடி. ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை சுற்றுவான் என்பது எனக்குத் தெரியும். ஏனென்றால் எண்ணியிருக்கிறேன். எண்ணியதை ஒரு செயலியில் பதிந்தும் வைத்திருக்கிறேன்.

அந்தச் செயலியை எழுதியவனும் நான்தான். கம்பெனி வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்ன காலம். பெங்களூரில் சும்மா வாடகை கொடுப்பானேன் என்று ஊருக்கு வந்திருந்தேன். அவனுக்கு ஆட்டிசம் என்று உறுதியாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. எங்கள் ஊரிலிருந்து வடக்கே போனாலும் மேற்கே போனாலும் கொஞ்ச நேரத்தில் புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு வந்துவிடும். அப்படி எல்லை தாண்டி, பஸ் மாறி, வாரம் ஒருநாள் அக்கா அவனை ஒரு பயிற்சி மையத்துக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே முக்கால் மணி நேரம். "மிச்சத்த நீங்கதான் வீட்ல பண்ணணும். தினமும் உக்காந்து வெளையாடுங்க, வெளையாட்டுலதான் எல்லாம் வரும்" என்று சொல்லி அனுப்பினார்கள். எப்படி விளையாட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்திருந்தார்கள்.

பொறியாளன் கையில் அப்படி ஒரு தாள் கிடைத்தால் சும்மா இருப்பானா? செயலியில் நாலு பொத்தான் வைத்தேன். கண்ணைப் பார்த்தான், பெயர் சொன்னதும் திரும்பினான், முறை மாற்றி ஆடினான், தானாக வந்து கேட்டான். ஞாயிற்றுக்கிழமை இரவு அதுவே வரைபடம் போட்டுக் காட்டும்.

தாளில் ஓர் உத்தி இருந்தது. மூடியை என் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். மூடியைத் தேடி அவன் நிமிர்வான். கண்ணோடு கண் பட்ட மறுகணம் கொடுத்துவிட வேண்டும். படாவிட்டால் கொடுக்கக் கூடாது. வேலை செய்தது. அரை மணிக்கு 3 என்று இருந்த எண் ஆறு வாரத்தில் 11 ஆனது. அக்கா அழுதாள். நான் வரைபடத்தை ஆபீஸ் நண்பர்களுக்கு அனுப்பி வைத்தேன்.

நாலாவது பொத்தானின் கோட்டை நான் கவனிக்கவில்லை. முன்பெல்லாம் நான் லேப்டாப்பில் இருக்கும்போது பக்கத்தில் வருவான். மூடியை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை அவனே மடக்கி, சுற்று என்பதுபோல் கையைத் தரைக்குத் தள்ளுவான். ஒரு நாளைக்கு நாலைந்து முறை அப்படி நடக்கும். ஆறாவது வாரம் அந்த எண் சைபர். நான் போனை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தால் போதும், மூடியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கொல்லைக்குப் போய்விடுவான். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்கும்.

கண்ணைப் பார்ப்பது ஏறியிருக்கிறது, மாமாவிடம் வருவது நின்றுவிட்டது. இதற்கு முன்னேற்றம் என்று பெயர் வைக்கலாமா?

*

டச்சு வரலாற்றாசிரியர் யோஹான் ஹெய்சிங்கா 1938இல் 'ஹோமோ லூடன்ஸ்' என்ற புத்தகம் எழுதினார். விளையாட்டுக்கு அவர் சொல்கிற முதல் இலக்கணம், அது சுதந்திரமாகச் செய்வது என்பது. உத்தரவு போட்டு ஆட வைத்தால் அது விளையாட்டின் நகல்தான். இந்த அளவுகோலை அப்படியே பிடித்துக்கொண்டால் 'விளையாட்டுவழிச் சிகிச்சை' என்பதே பொருந்தாத சொல். சிகிச்சைக்கு ஒரு நோக்கம் உண்டு, முடிவு உண்டு, கட்டணம்கூட உண்டு. குற்ற உணர்ச்சியோடு இருந்த அந்த வாரத்தில் இந்த வாதம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. தப்பு என் மேல் இல்லை, துறையின் மேல் என்று தள்ளிவிடலாம் அல்லவா.

ஆனால் எங்கள் பாட்டியை நினைத்துக்கொண்டதும் அது நிற்கவில்லை. குழந்தையின் உள்ளங்கையில் முழங்கையை ஊன்றிப் பருப்புக் கடைந்து, ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டு, விரல்கள் மணிக்கட்டிலிருந்து ஊர்ந்து ஊர்ந்து அக்குளில் போய் முடியும் விளையாட்டை எல்லோரும் ஆடியிருப்போம். பாட்டி ஐந்தாறு தடவை ஒரே மாதிரி செய்வாள். அடுத்த தடவை முழங்கையோடு விரலை நிறுத்திவிடுவாள். ஒரு கணம். குழந்தை மூச்சை நிறுத்தி அவள் முகத்தைப் பார்க்கும். அப்புறம்தான் அக்குள். இந்த 'ஒரு கணம் நிறுத்துவது' இன்றைய பயிற்சிக் கையேடுகளில் இருக்கிறது. எதிர்பார்ப்பை உண்டாக்கு, நிறுத்து, குழந்தை கேட்கும்வரை காத்திரு என்கிறார்கள். ஆக, பாட்டியும் நோக்கத்தோடுதான் ஆடினாள். பிள்ளை முகம் பார்க்க வேண்டும், சிரிக்க வேண்டும், பேச வேண்டும் என்ற ஆசை இல்லாமல் எந்தப் பெரியவர் குழந்தையோடு ஆடியிருக்கிறார்?

நம்முடைய பிள்ளைத்தமிழே ஒரு வளர்ச்சி அட்டவணைதான். காப்பில் தொடங்கி, தலை தூக்கி அசைவது செங்கீரை, கை தட்டுவது சப்பாணி, தளர்நடையில் வருவது வருகை என்று பத்துப் பருவம். பாட்டியல் நூல்கள் 3ஆம் மாதத்திலிருந்து 21ஆம் மாதம்வரை ஒற்றைப்படை மாதங்களாகக் கணக்கே சொல்கின்றன. அந்தக் கணக்கில் 15ஆம் மாதம் அம்புலி. நிலவைக் காட்டி, என் பிள்ளையோடு விளையாட வா என்று அதைக் கூப்பிடுவது. இன்று ஆட்டிசத்துக்கான முதற்கட்டச் சோதனையாக உலகம் முழுக்கப் பயன்படும் எம்-சாட் கேள்வித்தாள் 16ஆம் மாதத்தில் தொடங்குகிறது. பிடித்த ஒன்றை உங்களுக்குக் காட்டுவதற்காகக் குழந்தை விரலை நீட்டுகிறதா என்பது அதில் முக்கியமான கேள்வி. நான் பார், நீயும் பார் என்று இரண்டு பேர் சேர்ந்து மூன்றாவதை நோக்குவது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது என்று சொல்லமாட்டேன். வாட்ஸப்பில் அப்படி ஒரு பதிவு ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தால் தயவுசெய்து எனக்கு அனுப்ப வேண்டாம்.

என்னை நிறுத்தியது வேறொன்று. அம்புலிப் பருவத்தில் நிலவைக் கூப்பிடும் புலவர்கள் சாமம், பேதம், தானம், தண்டம் என்று நாலு உபாயத்தையும் வரிசையாகப் பயன்படுத்துவார்கள். நயந்து பேசுவது, நீ எங்கே இவன் எங்கே என்று ஒப்பிட்டுப் பேசுவது, வந்தால் இது கிடைக்கும் என்பது, வராவிட்டால் பார் என்பது. மாமா மூடியைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டிருந்தது இதில் எந்த உபாயம் என்று யோசித்தேன். தானம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் மூடி அவனுடையது. அவனுடையதை எடுத்து அவனுக்கே தானம் செய்தேன்.

அம்புலிக்கு அடுத்து, ஆண்பால் பிள்ளைத்தமிழில் வருவது சிற்றில். தெருவில் சிறுமிகள் மணல்வீடு கட்டி ஆடுகிறார்கள். பிள்ளை காலால் எட்டிக் கலைக்க வருகிறான். கலைக்காதே என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். பாட்டு முழுக்க அந்தச் சிறுமிகளின் குரல்தான். பெரியவர்களுக்கு அது வெறும் மணல்.

*

இந்தத் துறையின் கதையில் இரண்டு ஓடைகள் உண்டு. ஒன்று, அமெரிக்காவில் 1947இல் 'விளையாட்டுச் சிகிச்சை' என்ற பெயரிலேயே புத்தகம் எழுதிய வர்ஜீனியா ஆக்ஸ்லைனின் ஓடை. குழந்தை முன்னே போகும், பெரியவர் பின்னே போக வேண்டும், அவசரப்படுத்தக் கூடாது என்பது அவர் வகுத்த நெறிகளில் முக்கியமானது. பின்னால் ஸ்டான்லி கிரீன்ஸ்பான் 'ஃப்ளோர்டைம்' என்று சொன்னதும் ஏறத்தாழ இந்த வழிதான்: தரையில் உட்கார், அவன் என்ன செய்கிறானோ அதிலேயே போய்ச் சேர்ந்துகொள்.

இன்னொன்று, கலிஃபோர்னியாவில் ஓலே ஐவார் லோவாஸ் நடத்தியது. 1987இல் அவர் வெளியிட்ட ஆய்வில் 19 குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரப் பயிற்சி, இரண்டு வருடத்துக்கு மேல். அவர்களில் 9 பேர் சாதாரணப் பள்ளியில் முதல் வகுப்பை முடித்துச் சராசரி அறிவுத்திறன் காட்டினார்கள் என்றார். 47 சதவீதம். இந்த எண் உலகத்திலுள்ள லட்சக்கணக்கான பெற்றோரின் தூக்கத்தைக் கெடுத்தது. அந்தப் பயிற்சியில் சத்தமாக அதட்டுவதும் தொடையில் அடிப்பதும் இருந்தன. அதற்கும் முன்னால் 1960களில் மின் அதிர்ச்சிகூடக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். அடி இன்று பெரும்பாலும் போய்விட்டது. பிடித்த பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, சொன்னதைச் செய்தால் தருவேன் என்பது தங்கிவிட்டது. எனக்குக் கொடுத்த தாளில் தலைப்பு விளையாட்டு, உள்ளே இருந்த உத்தி இந்த ஓடையிலிருந்து வந்தது. வாரம் 40 மணி நேரம் என்பது என் ஆபீஸ் நேரம். அதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். மூடி அவனுடைய சம்பளமாகிவிட்டது. சம்பளம் கிடைக்கிற இடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை யார் ஆசையாகப் போவார்கள்?

நம் பக்கத்தில் நடந்த ஓர் ஆய்வு எனக்கு ஆறுதலும் குழப்பமும் சேர்த்துத் தந்தது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஒரே சமயத்தில் நடந்தது, 2016இல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் வெளிவந்தது. பாஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 65 குழந்தைகள். டாக்டரோ சிறப்பு நிபுணரோ கிடைக்காத இடங்களுக்காகவே யோசித்தது என்பதால், பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர்கள்தான் போனார்கள். அவர்கள் குழந்தைக்கு எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. அம்மாவோ அப்பாவோ குழந்தையோடு விளையாடுவதைப் படம் பிடித்து, அந்தப் பெரியவருக்கே போட்டுக் காட்டினார்கள். இந்த இடத்தில் அவன் என்ன பார்த்துக்கொண்டிருந்தான், நீங்கள் அப்போது என்ன பேசினீர்கள் என்று கேட்டார்கள். அவ்வளவுதான். திருத்தப்பட வேண்டியவர் பெரியவர் என்பது இதில் உள்ளே இருக்கும் எண்ணம். பெற்றோர் குழந்தையின் கவனத்தை ஒட்டிப் பேசுவது கூடியது. குழந்தைகள் தாமாக வந்து தொடர்புகொள்வதும் கூடியது, அதாவது என் நாலாவது பொத்தான். ஆனால் இருவரும் ஒன்றையே சேர்ந்து கவனித்திருக்கும் நேரம் குறைந்தது. இதை அவர்கள் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

அந்த வாக்கியத்தில் ரொம்ப நேரம் நின்றேன். ஒன்று ஏறினால் ஒன்று இறங்கும் என்பது நிரல் எழுதுகிறவனுக்குப் பழகிய விஷயம். வேகத்தைக் கூட்டினால் நினைவகம் தின்னும். எதை இழக்கலாம் என்று யாரோ முடிவெடுக்கிறார்கள். அங்கே வாடிக்கையாளர் இருக்கிறார், கேட்டுக்கொள்ளலாம். இங்கே யாரைக் கேட்பது?

*

அக்காவைக் கேட்டேன். ஞானோதயம் வந்தவன்போல, இனிமேல் எதையும் எண்ணப்போவதில்லை, அவனுக்குப் பிடித்தபடி ஆடட்டும், அவனை மாற்ற நமக்கென்ன உரிமை என்றெல்லாம் சொன்னேன். ஜிம் சின்க்ளேர் 1993இல் ஆட்டிசப் பிள்ளைகளின் பெற்றோருக்கு எழுதிய கட்டுரையைப் பற்றியும் சொன்னேன். சின்க்ளேருக்கும் ஆட்டிசம் உண்டு. எங்களுக்காகத் துக்கம் கொண்டாடாதீர்கள், இந்தப் பிள்ளைக்கு ஆட்டிசம் இல்லாமல் இருந்திருக்கலாம் என்று நீங்கள் வேண்டும்போது, இந்தப் பிள்ளையே இல்லாமல் வேறொரு பிள்ளை இருந்திருக்கலாம் என்றுதான் எங்களுக்குக் கேட்கிறது என்பது அதன் சாரம்.

அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"அவரு எழுதுறாரு. இவன் தண்ணி வேணும்னு கேக்கட்டும் மொதல்ல."

"அவரும் பன்னெண்டு வயசு வரைக்கும் பேசலன்னு சொல்லியிருக்காருக்கா."

"சரி. பன்னெண்டு வயசு வரைக்கும் இவனுக்கு தாகம் எடுக்காதா?"

கொஞ்ச நேரம் முறத்தின் சத்தம் மட்டும்.

"நீ மாமன்டா. வருவ, வெளையாடுவ, பெங்களூருக்குப் போயிருவ. நா செத்த பொறவு இவன் யாருகிட்ட கையக் காட்டுவான்? அவங்களுக்கு இவன் பாஷ புரியுமா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்தக் கேள்வி அக்காவுடையது மட்டும் இல்லை. 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் வேர் இந்தப் பயம்தான். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பதினெட்டு வயதுக்கு மேலும் சட்டபூர்வமான காப்பாளர் வைக்க அது வழி செய்கிறது. எங்களுக்குப் பிறகு யார் என்று பெற்றோர்கள் கேட்டுக் கேட்டு வந்த சட்டம். 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்றுக்கொண்டது, ஆட்டிசம் அதில் பெயரோடு இருக்கிறது. இவையெல்லாம் பெரிய விஷயங்கள். ஆனாலும் தாகத்தைச் சொல்லத் தெரிய வேண்டும் என்பதைச் சட்டம் எழுதித் தீர்க்க முடியாது. அதற்கு யாராவது தினமும் தரையில் உட்கார வேண்டும்.

'அவனை அவனாக விடு' என்பது பல நேரங்களில் வசதி உள்ளவர்களின் தத்துவம் என்று எனக்கு அப்போது பட்டது. அவனாக விடப்பட்டவனைத் தாங்கிக்கொள்ள ஒரு ஊர் வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கமே எடுத்துக்கொள்ளுங்கள். காரைக்கால் அம்மையார் பேய் வடிவம் வாங்கிக்கொண்டு போனபோது கண்டவர்கள் அஞ்சி ஓடினார்கள் என்று சேக்கிழார் சொல்கிறார். கைலாயத்துக்குக் காலால் நடக்காமல் தலையால் நடந்து போனவர் அவர். ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் அவருக்காக மாடியிலிருந்து மாம்பழம் வீசுகிறோம், கூட்டம் அலைமோதும். அதே காரைக்கால் பஸ்ஸில் என் அக்கா மகன் கைகளைப் பட்டாம்பூச்சிபோல் அடித்துக்கொண்டபோது முன்சீட்டு அம்மா எழுந்து போய் வேறு சீட்டில் உட்கார்ந்தார். அக்கா அவன் கைகளைப் பிடித்து மடியில் அழுத்திக்கொண்டாள். அவள் செய்தது தப்பு என்று எந்தப் புத்தகத்தை வைத்தும் என்னால் சொல்ல முடியாது.

(அம்மையார் குழந்தையாக மணலில் வண்டல் விளையாடும்போதே சிவன் பேச்சுத்தான் பேசினார் என்றும் சேக்கிழார் எழுதுகிறார். பெரியவர்களுக்குக் குழந்தையின் விளையாட்டைச் சும்மா விளையாட்டாக விட்டுவைக்க என்றைக்குமே மனசு வந்ததில்லை.)

*

பிறகு நானும் அக்காவும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். ஒப்பந்தம் என்பது பெரிய வார்த்தை, தினமும் சண்டை போட்டு ஏற்பட்ட பழக்கம். நான் அவன் மூடியை எடுத்து ஒளிப்பதில்லை. எனக்குத் தனியாக ஒரு மூடி, எவர்சில்வர் டம்ளருடையது. அவன் சுற்றினால் நானும் பக்கத்தில் சுற்றுவேன். அவன் எழுந்து போனால் ஆட்டம் முடிந்தது, பின்னால் போகக் கூடாது. அவன் என் கையைத் தள்ளிவிட்டால் அது 'வேண்டாம்' என்ற சொல், சொன்னதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். பேச வராத பிள்ளைக்கு முதலில் கிடைக்க வேண்டிய சொல் 'வேண்டாம்' என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அவன் வேண்டாம் என்பதைக் கேட்டு நிற்கிறவன், அவன் வேணும் என்பதையும் கேட்பான் என்று அவனுக்கு எப்படியோ தெரிய வேண்டும். அக்கா தரப்பில், தண்ணீர், சோறு, ஒண்ணுக்கு ஆகிய மூன்றுக்கும் படம் ஒட்டிய அட்டையை அவள் விடவில்லை. அட்டையை எடுத்துக் காட்டினால்தான் தண்ணீர் என்பதில் கறாராக இருந்தாள். நான் முகம் சுளித்தேன். "ஒனக்கு ஆபீஸ்ல பாஸ்வேர்ட் கேக்கறதில்ல?" என்றாள்.

செயலியை அழித்துவிடுவதாகச் சொன்னபோதும் அவள்தான் தடுத்தாள். டாக்டரிடம் மூன்று நிமிடத்தில் எல்லாம் சொல்லியாக வேண்டும், அதற்கு அவளுக்கு அது தேவை. யோசித்தால் அதிலும் நியாயம் இருக்கிறது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில், எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமத்து வீடுகளுக்குக் களப்பணியாளர்களை அனுப்பிக் குழந்தைகளுக்கு ஆரம்பகாலப் பயிற்சி தருகிறது. அவர்களும் 'எனேபிளிங் இன்க்ளூஷன்' என்ற செயலியில்தான் பதிகிறார்கள். பஸ் மாறி வர முடியாத வீட்டின் கதை தூரத்தில் இருக்கும் நிபுணருக்குப் போய்ச்சேர அது உதவுகிறது. எண்ணுவதே பாவம் என்றால் அந்த வீடுகளுக்கு யாரும் போகவேமாட்டார்கள். நான் ஒன்று மட்டும் மாற்றினேன். விளையாடும்போது போன் அறைக்குள். ராத்திரி அவன் தூங்கிய பிறகு, நினைவிலிருந்து பதிவது. துல்லியம் போய்விடும். போகட்டும்.

அப்புறம் ஐந்தாவதாக ஒரு பொத்தான் சேர்த்தேன்: 'வேண்டாம் என்றான்'. அது கூடினால் நல்லதா கெட்டதா என்று அக்காவுக்கும் எனக்கும் இன்னும் தகராறு.

கண் பார்க்கும் எண் 11இலிருந்து 5க்கு வந்தது. அங்கேயே ரொம்ப நாள் நின்றது. அந்த வாரங்களில் அக்கா என்னிடம் சரியாகப் பேசவில்லை. நான் செய்தது சரிதானா என்று ராத்திரிகளில் எனக்கும் தெரியாது. இரண்டு மாதம் கழித்து அவன் மூடியோடு வந்து என் விரலை மடக்கினான் என்று எழுதினால் கதை அழகாக முடியும். அப்படி நடக்கவில்லை. அந்த மூடி ஆட்டத்துக்கு அவன் என்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவே இல்லை.

ஆனால் அந்த வருடம் ஜூனில் மேட்டூர் திறந்து, கடைமடையான எங்களுக்குத் தண்ணீர் வந்து சேர்ந்த அன்று வாய்க்காலுக்குக் கூட்டிப்போனேன். புதுத் தண்ணீர் நுரையும் சருகுமாக, காய்ந்த மண்ணை நக்கிக்கொண்டு மெதுவாக வரும். அவன் மதகுக் கட்டையில் குப்புறப் படுத்துக்கொண்டான். நான் ஒரு பூவரச இலையைக் கிள்ளி மேற்குப் பக்கம் போட்டேன், கற்றுக்கொடுக்க ஒன்றும் இல்லை, சின்ன வயதில் நாங்கள் செய்வதுதான். இலை மதகுக்குள் போயிற்று. அவன் அது மறைந்த இடத்தையே பார்த்தான். நான் கிழக்குப் பக்கம் போய் நின்றேன். இலை வெளியே வந்தது. திரும்பிப் பார்த்தால் அவன் என் பக்கத்தில் நின்றிருந்தான். என்னைப் பார்க்கவில்லை, இலையைத்தான் பார்த்தான்.

அப்புறம் அவன் ஒரு இலை கிள்ளினான். போட்டான். இரண்டு பேரும் ஓடினோம். இருட்டும்வரை அதேதான். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. இடையில் ஒரு தடவை நான் மூச்சு வாங்க நின்றுவிட்டேன். அவன் வந்து என் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தான். அது பொத்தானில் எதில் சேரும் என்று யோசித்தேன், அந்தப் புத்தி போகாது. அதற்குள் அவனுடைய அடுத்த இலை மதகுக்குள் போய்விட்டது.